பூங்கா ஓரத்தில் குப்பை விழுகிறதா? அறிகுறியைப் பார்த்துப் பழுது பார்ப்பது எப்படி

தென்சென்னையில், ஏரிக்கரையை ஒட்டிய குடியிருப்பு எங்களுடையது. ஒரு சின்னப் பூங்கா, அதன் பின்பக்கம் வேலியில்லாத ஒரு ஓ.எஸ்.ஆர். நிலம், அதாவது மனைப் பிரிவு போடும்போது திறந்தவெளிக்கென்று விட்ட இடம். நலச் சங்கத்தில் பூங்காப் பொறுப்பு என் தலையில் விழுந்து ஆறு வருஷம் ஆகிறது. அன்றிலிருந்து இந்த இரண்டு இடத்திலும் குப்பை விழுவதும் நாங்கள் எடுப்பதும் மறுபடி விழுவதுமாக இருந்தது. இப்போது பெரும்பாலும் விழுவதில்லை. விழுந்தாலும் ஏன் விழுந்தது என்று அரை மணியில் சொல்லிவிட முடிகிறது. பக்கத்து நகர்க்காரர்கள் கூப்பிட்டுக் கேட்கும்போதெல்லாம் திரும்பத் திரும்பச் சொன்னதைத்தான் இங்கே எழுதியிருக்கிறேன்.

உங்கள் இடத்தில் தெரியும் அறிகுறி எதுவோ, அந்தத் தலைப்புக்கு நேராகப் போங்கள். ஒவ்வொன்றிலும் காசில்லாமல் சரியாகும் காரணம் முதலில், செலவு வைப்பது கடைசியில். ஆனால் எந்த அறிகுறியாக இருந்தாலும் இதை முதலில் செய்துவிடுங்கள்.

## எல்லாவற்றுக்கும் முன்: நேரம் பாருங்கள், கவரைப் பிரியுங்கள்

யார் போடுகிறார்கள் என்று தேடாதீர்கள், எப்போது விழுகிறது என்று பாருங்கள். மூன்று நாள், காலை 6, காலை 10, மதியம் 2, இரவு 10 என நான்கு வேளையும் ஒரே இடத்தில் நின்று போனில் ஒரு படம் எடுத்தால் போதும். எந்த இரண்டு படத்துக்கு நடுவே குப்பை கூடியிருக்கிறதோ, அதுதான் பாதி விடை. காலை 6-க்கும் 10-க்கும் நடுவே என்றால் உங்கள் தெருக்காரர்கள், வேலைக்குப் போகிற வழியில். இரவு 10-க்கும் விடியலுக்கும் நடுவே என்றால் கடைக்காரர்கள் அல்லது வெளியிலிருந்து வரும் வண்டி. மதியம் கூடினால் பெரும்பாலும் தோட்ட வேலையோ வீட்டு ரிப்பேரோ நடக்கிறது.

அப்புறம் இரண்டு மூன்று கவரைப் பிரித்துப் பாருங்கள். தடித்த ரப்பர் கையுறை, செருப்பு வேண்டாம், ஷூ, கிளற ஒரு குச்சி. கையை உள்ளே விடவே கூடாது. உடைந்த டியூப்லைட்டும் பிளேடும் எந்தக் கவரிலும் இருக்கலாம்.

ஒரு எச்சரிக்கை. கவருக்குள் கூரியர் உறையோ பார்சல் ஸ்டிக்கரோ முகவரியோடு கிடைக்கும். அதை எடுத்துக்கொண்டு நேராகச் சண்டைக்குப் போய்விடாதீர்கள். முதல் வருஷம் நான் போனேன். கதவைத் திறந்த அம்மாவுக்கு நான் சொன்னது எதுவுமே புரியவில்லை. விசாரித்தால், அவர் வீட்டு வேலைக்கு வரும் பெண்ணிடம் தினமும் குப்பையைக் கொடுத்து "போற வழியில வண்டியில போட்டுடும்மா" என்று சொல்லி அனுப்புகிறார். அந்தப் பெண் கிளம்பும் 11 மணிக்குத் தெருவில் ஏது வண்டி? பாவம், பூங்கா கேட்தான் வழியில் இருந்தது. இரண்டு பேர் மீதும் எனக்கு இருந்த கோபம் அன்றோடு போயிற்று. அதிலிருந்து முகவரி கிடைத்தால் தெருவை மட்டும் குறித்துக்கொள்கிறேன்.

## அறிகுறி 1: காலையில் பூங்கா கேட்டில் முடிச்சுப் போட்ட கவர்கள்

இதுதான் எல்லா ஊரிலும் இருப்பது. உள்ளே சமையலறைக் குப்பை, பால் கவர், நாப்கின், நேற்றைய சாதம் எல்லாம் ஒன்றாக.

### காரணம் அ: வண்டி வரும் நேரம் சரியில்லை

பத்தில் ஏழு தடவை இதுதான். எங்கள் கேட்டில் தினமும் எட்டரை மணிக்குள் பத்துப் பதினைந்து கவர் சேர்ந்துவிடும். பேட்டரி வண்டி எங்கள் தெருவுக்கு வருவது ஒன்பதே கால். பஸ் பிடிக்கிறவர்கள் எட்டு மணிக்கே வீட்டைப் பூட்டிவிடுகிறார்கள். பூங்காவைத் தாண்டித்தான் பஸ் ஸ்டாப். வேறென்ன நடக்கும்?

சோதனை: ஒரு வாரம் வண்டி வரும் நேரத்தைக் குறியுங்கள். கவர் குவியும் நேரத்தோடு ஒப்பிடுங்கள். கவர் முந்தி, வண்டி பிந்தி என்றால் காரணம் இதுவே.

சரிசெய்வது: முதலில் வண்டியில் வரும் தூய்மைப் பணியாளரிடமே பேசுங்கள். அலுவலகத்துக்கு மனு எழுதுவது அப்புறம். நாங்கள் கேட்டபோது அந்த அக்கா சொன்னது: "நான் ஆறரைக்கே வந்துடுறேன் சார். அந்தக் கோடியில ஆரம்பிக்கச் சொல்லியிருக்காங்க, உங்க தெரு கடைசி." அவர் போகும் வரிசையில் எங்கள் தெருவும் இன்னொரு தெருவும் இடம் மாறின, அவ்வளவுதான். அந்த இன்னொரு தெருவில் ஓய்வுபெற்றவர்கள் அதிகம். அவர்களுக்கு ஒன்பது மணி வசதி. மேற்பார்வையாளரிடம் ஒரு வார்த்தை சொல்லி அனுமதி வாங்கிக்கொண்டோம். இரண்டு வாரத்தில் கேட்டில் மூன்று கவருக்கு வந்துவிட்டது.

நேரத்தை மாற்ற முடியாது என்றால், காலையில் கிளம்புகிறவர்கள் வீட்டு வாசலில் மூடியுள்ள வாளியில் வைத்துவிட்டுப் போகட்டும். நாய் தள்ளாத மாதிரி மூடி இறுக்கமாக இருக்க வேண்டும். வெறும் கவரை வாசலில் வைத்தால் ஒன்பது மணிக்குள் தெரு முழுக்கப் பரவிவிடும்.

### காரணம் ஆ: முன்னே அங்கே தொட்டி இருந்தது

வீடு வீடாக வண்டி வர ஆரம்பித்ததும் பல தெருக்களில் பெரிய தொட்டியை எடுத்துவிட்டார்கள். தொட்டி போய்விட்டது, கை இன்னும் அங்கேயே வீசுகிறது. தொட்டி இருந்த இடத்தில் வேறு ஏதாவது இருக்க வேண்டும்: பெஞ்ச், பூச்செடித் தொட்டி, சைக்கிள் நிறுத்தும் கம்பி. நாங்கள் இட்லிக் கடைக்கார அக்காவைக் காலையில் அங்கே தள்ளுவண்டி போடச் சொன்னோம். நாலு பேர் நின்று சாப்பிடுகிற இடத்தில் யாரும் குப்பைக் கவரை வீசுவதில்லை. அவருக்கு ஒரு வாளி வாங்கிக் கொடுத்ததுதான் செலவு.

### காரணம் இ: வாடகைக்கு வந்தவர்களுக்கு யாரும் சொல்லவில்லை

கவரில் சாப்பாட்டு டெலிவரி டப்பாக்கள் மட்டுமே இருந்தால் பேச்சிலர் வீடு அல்லது ஹாஸ்டல். வண்டி வருகிறதென்றே அவர்களுக்குத் தெரியாது. வீட்டு உரிமையாளரிடம் பேசி மாடிப்படிக்குக் கீழே இரண்டு டிரம், மக்கும் குப்பைக்குப் பச்சை, மக்காததுக்கு நீலம். காலையில் யார் வெளியே வைப்பது என்பதை மட்டும் தெளிவாக முடிவு செய்துகொள்ளுங்கள். அது முடிவாகாத இடத்தில் டிரம் நிரம்பி வழிந்து புதுப் பிரச்சினையாகும்.

### காரணம் ஈ: கடைகள்

வாழை இலை, பேப்பர் தட்டு, முட்டை ஓடு அதிகம், இரவு 10 மணிக்கு மேல் விழுகிறது என்றால் டிபன் கடை. நாளொன்றுக்கு 100 கிலோவுக்கு மேல் குப்பை உண்டாக்குகிறவர்கள் மொத்தக் குப்பை உருவாக்குவோர் என்றும், மக்கும் குப்பையை முடிந்தவரை தங்கள் இடத்திலேயே கையாள வேண்டும் என்றும் 2016 திடக்கழிவு விதிகளே சொல்லிவிட்டன. தெருமுனைக் கடை அந்த அளவுக்கு வராது. அவர்களுக்குத் தேவை இரவு வண்டி. பல பகுதிகளில் கடைத்தெருவுக்கு இரவில் வண்டி வருகிறது. உங்கள் பகுதியில் வருகிறதா, எந்தத் தெரு வரை வருகிறது என்று கேளுங்கள்.

### எப்போது மேலே போவது

மூன்று நாள் தொடர்ந்து வண்டியே வரவில்லை என்றால் மாநகராட்சியின் புகார் எண் 1913-க்குக் கூப்பிடுங்கள், அல்லது அதன் நம்ம சென்னை செயலியில் படத்தோடு போடுங்கள். புகார் எண்ணை எழுதி வையுங்கள். "முடிக்கப்பட்டது" என்று குறுஞ்செய்தி வந்து குப்பை அங்கேயே இருந்தால், அன்றைய தேதியோடு இன்னொரு படம் எடுத்து, பழைய எண்ணைக் குறிப்பிட்டுப் புதுப் புகார் போடுங்கள். கோபத்தில் நீளமாக எழுதாதீர்கள். இடம், நேரம், படம் போதும்.

## அறிகுறி 2: வீட்டு வாளியே தினமும் வழிகிறது

வாளி கொள்ளாதபோதுதான் இரண்டாவது கவர் பிறக்கிறது. அந்த இரண்டாவது கவர்தான் பூங்காவுக்கு வருகிறது. ஆகவே இதையும் பூங்காப் பிரச்சினையாகவே நான் பார்க்கிறேன்.

சோதனை: ஒரு நாள் குப்பையைப் பழைய பேப்பரை விரித்து அதன் மேல் கொட்டி, ஈரமானது, உலர்ந்தது, டயப்பர்-நாப்கின் என்று மூன்றாகப் பிரியுங்கள். வீட்டில் உள்ளவர்கள் முகம் சுளிப்பார்கள், பரவாயில்லை. பாதிக்கு மேல் காய்த்தோல், சாதம், பூ, டீத்தூள் என்று ஈரமானதாகத்தான் இருக்கும்.

இதில் எது அதிகமோ அதில் கை வையுங்கள்.

உலர்ந்தது அதிகம் என்றால்: பால் கவர், பிஸ்கட் உறை, அட்டைப்பெட்டி. அட்டையைப் பிரித்து மடித்தாலே வாளி பாதி காலி. பால் கவரின் மூலையைத் தனித் துண்டாக வெட்டி எறியாமல், கவரோடு ஒட்டியே இருக்கும்படி கீறுங்கள். அந்தச் சின்ன முக்கோணத் துண்டைப் பூங்காப் புல்லிலிருந்து எத்தனை பொறுக்கியிருப்பேன் என்று கணக்கே இல்லை. கழுவிக் காயவைத்த பால் கவரைப் பழைய பேப்பர் கடையில் கிலோ கணக்கில் வாங்கிக்கொள்வார்கள். மளிகைக்குப் போகும்போது மஞ்சள்பை. தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் கவருக்கு 2019 ஜனவரி 1 முதல் தடை, மீண்டும் மஞ்சப்பை இயக்கம் தொடங்கியது 2021 டிசம்பரில். கவர் இன்னும் கடையில் கிடைக்கத்தான் செய்கிறது. நாம் பையை நீட்டினால் கடைக்காரர் கவரைத் தேட மாட்டார்.

டயப்பரும் நாப்கினும் அதிகம் என்றால்: பேப்பரில் சுற்றி, சிவப்புப் பேனாவால் ஒரு குறி போட்டுத் தனியாகக் கொடுங்கள். குப்பையைக் கையால் பிரிக்கிறவர் ஒருவர் இருக்கிறார்.

ஈரமானது அதிகம் என்றால்: உரத்தொட்டி. இதைச் சொன்னதும் பாதிப் பேர் "போட்டுப் பார்த்தோம், நாறியது, விட்டுவிட்டோம்" என்பார்கள். அதனால் இதற்குத் தனியாக.

### உரத்தொட்டி நாறுகிறது

ஈரம் அதிகம், காற்று குறைவு. வேறு காரணம் அபூர்வம். ஒரு பிடி எடுத்துப் பிழியுங்கள் (கையுறையோடுதான்). சொட்டினால் ஈரம் அதிகம். காய்ந்த இலையோ தென்னை நார்த்தூளோ, போட்ட ஈரக்குப்பையின் அளவுக்குச் சமமாகப் போட்டு அடிவரை கிளறுங்கள். இரண்டு மூன்று நாளில் நாற்றம் நிற்கும். நிற்கவில்லை என்றால் தொட்டியின் அடியில் ஓட்டை அடைத்திருக்கிறது, கம்பியால் குத்திவிடுங்கள். சாம்பார், ரசம், குழம்பை அப்படியே ஊற்றுவதை நிறுத்துங்கள். வடிகட்டி, திப்பியை மட்டும் போடலாம்.

### புழு வருகிறது

தடித்த, சாம்பல் கலந்த பழுப்பு நிறப் புழுவா? அது கருப்புப் படைவீரன் ஈயின் புழு. அதை விட வேகமாகச் சாப்பிடுகிறவன் தொட்டிக்குள் கிடையாது. விட்டுவிடலாம். பார்க்கவே பிடிக்கவில்லை என்றால் மேலே இரண்டு விரல் கனத்துக்குக் காய்ந்த இலை போட்டு மூடினால் கண்ணில் படாது. சின்ன வெள்ளைப் புழு கூட்டமாக நெளிந்தால் வீட்டு ஈ முட்டையிட்டிருக்கிறது. கறி, மீன் முள் போட்டிருப்பீர்கள். அதை எடுத்துவிட்டு, ஒவ்வொரு முறை குப்பை போட்டதும் உடனே மேலே உலர்ந்ததைத் தூவுங்கள்.

### மக்கவே இல்லை

எறும்பு இருந்தால் தொட்டி காய்ந்து கிடக்கிறது என்று அர்த்தம். தண்ணீர் தெளியுங்கள். ஈரம் சரியாக இருந்தும் அப்படியே இருந்தால் ஒரு டம்ளர் புளித்த மோரை ஒரு சொம்புத் தண்ணீரில் கலந்து தெளிக்கலாம், சாணக் கரைசலும் ஆகும். மாங்கொட்டை, தேங்காய் ஓடு, இளநீர் மட்டை எல்லாம் மாதக்கணக்கில் அப்படியேதான் இருக்கும்; அவற்றைப் போடவே வேண்டாம். மற்றபடி தொட்டி நிறைந்த பிறகு ஒன்றரை மாதத்திலிருந்து இரண்டு மாதம் பொறுக்க வேண்டும். மேலே வெள்ளைப் பூஞ்சை படர்ந்தால் பயப்படாதீர்கள், வேலை நடக்கிறது.

எலி வந்தால் மட்டும் யோசிக்கத் தேவையில்லை. மூடியின் மேல் ஒரு செங்கல்.

மாடியும் இல்லை, பால்கனியும் இல்லை என்றால் வீட்டுக்குள் வைத்துப் போராடாதீர்கள். மக்கும் குப்பையைத் தனியாகப் பிரித்துக் கொடுப்பதே பெரிய வேலை. கலந்து கொடுத்தது எங்கே போகிறது என்று தெரிய வேண்டுமானால் பெருங்குடி குப்பைக் கிடங்கு வளாகத்தை ஒரு தடவை தாண்டிப் போங்கள். 2022-ல் ராம்சர் தளமாக, அதாவது உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலமாக அறிவிக்கப்பட்ட பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை ஒட்டி எழும்பிய மேடு அது. பல வருஷக் குப்பையைத் தோண்டிப் பிரிக்க வேண்டியதாயிற்று. வீட்டில் இரண்டு வாளி வைக்காததை அங்கே இயந்திரம் வைத்துச் சரிசெய்ய வேண்டியிருந்தது.

## அறிகுறி 3: விடிந்தால் செங்கல், சிமென்ட், டைல்ஸ் குவியல்

செலவு வைக்கும் அறிகுறி இது. ஒரு லோடு விழுந்தால் அது அங்கேயே நிற்கும், அதைப் பார்த்து அடுத்த லோடு வரும். வேலியில்லாத ஓ.எஸ்.ஆர். நிலங்களின் கதையே இதுதான். 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப் பிரிவுகளில் பத்தில் ஒரு பங்கைத் திறந்தவெளிக்கென்று உள்ளாட்சிக்கு எழுதிக்கொடுக்க வேண்டும். எழுதிக்கொடுத்துவிடுகிறார்கள். பூங்காவாக மாறும்வரை அந்த இடம் யாருடையதும் இல்லை என்கிற மாதிரிக் கிடக்கும்.

### சின்னக் குவியல், நாலைந்து மூட்டை

பக்கத்து வீட்டுப் பாத்ரூம் ரிப்பேர். டைல்ஸின் நிறத்தைப் பாருங்கள், அப்புறம் தெருவில் எந்த வீட்டு வாசலில் மணல் கொட்டியிருக்கிறது என்று பாருங்கள். கண்டுபிடிக்கப் பத்து நிமிஷம். வீட்டுக்காரருக்குப் பெரும்பாலும் தெரியாது. மேஸ்திரியிடம் "கழிவை நீங்களே எடுத்துடுங்க" என்று சொல்லி ஐந்நூறு, ஆயிரம் கொடுத்திருப்பார். மேஸ்திரி எடுத்தது பூங்காவுக்கு.

சரிசெய்வது: வேலை ஆரம்பிக்கும்போதே பேசுவது. எங்கள் சங்கத்தில் இப்போது யார் வீட்டில் மணல் இறங்கினாலும் ஒருவர் போய், "அண்ணே, ரப்பிஷ் எங்கே போகுது?" என்று கேட்டுவிட்டு வருவார். நட்பாகத்தான். கேட்டாலே பாதி வேலை முடிந்தது. கட்டடக் கழிவைக் கொட்ட மாநகராட்சி மண்டலவாரியாக இடம் ஒதுக்கியிருக்கிறது. உங்கள் மண்டலத்துக்கு எது என்று 1913-ல் கேட்டு, அந்த முகவரியை மேஸ்திரியிடம் கொடுங்கள். பெருங்குடியிலும் கொடுங்கையூரிலும் கட்டடக் கழிவை அரைத்து ஜல்லியும் மணலுமாக மாற்றும் ஆலைகள் இருக்கின்றன. அதாவது அந்தச் செங்கல்லுக்குப் போக இடம் இருக்கிறது.

### பெரிய குவியல், டயர் தடத்தோடு

தடத்தை அளந்து பாருங்கள். குட்டி யானை என்று நாம் சொல்லும் சின்ன வண்டியா, டிப்பர் லாரியா? சின்ன வண்டி என்றால் உள்ளே நுழையும் வாயை அடைத்தாலே போதும். இரண்டு கருங்கல் தூண், நடுவே ஆள் நடக்கிற இடைவெளி. எங்களுக்கு ஆன செலவை ஒரு மாத வசூலில் கட்டினோம். ஆனால் மாநகராட்சி இடத்தில் நீங்களாகக் கல் நட முடியாது. வார்டு உதவிப் பொறியாளரிடம் கடிதம் கொடுத்து ஒப்புதல் வாங்குங்கள். தீயணைப்பு வண்டி வரும் வழியையும் ஆம்புலன்ஸ் வழியையும் அடைக்கக் கூடாது.

விழுந்த குவியலை 24 மணி நேரத்துக்குள் எடுக்கச் சொல்லி அழுத்துங்கள். எடுக்க முடியாவிட்டால் சுற்றிக் கயிறாவது கட்டி, "புகார் செய்யப்பட்டது" என்று தேதியோடு ஒரு அட்டை மாட்டுங்கள். வேடிக்கையாகத் தோன்றும். ஆனால் கேட்பாரற்ற இடம் என்ற எண்ணம் அதில்தான் கலைகிறது.

### இங்கே நிறுத்துங்கள்

இரவில் லாரி கொட்டிக்கொண்டிருப்பதை நேரில் பார்த்தால் முன்னால் போய் நிற்காதீர்கள். ஒரு தடவை எங்கள் ஆட்கள் இருவர் டார்ச்சோடு போனார்கள். டிரைவர் லாரியைப் பின்னால் எடுத்த வேகத்தில் ஒருவர் சாக்கடையில் விழுந்து முழங்கால் பெயர்ந்தது. வீட்டு மாடியிலிருந்து வண்டி எண் தெரிகிற மாதிரி வீடியோ, நேரம், இடம். அவசர எண் 112. காலையில் அந்த வீடியோவோடு மண்டல அலுவலகம். பொது இடத்தில் குப்பை கொட்டுவதற்கான அபராதத்தைச் சென்னை மாநகராட்சி 2024-ல் 500-லிருந்து 5,000 ரூபாயாக உயர்த்தியது. வண்டி எண் இருந்தால்தான் அந்தத் தொகைக்கு அர்த்தம்.

## அறிகுறி 4: மெத்தை, சோபா, உடைந்த பீரோ

மாசக் கடைசியில் வரும். வீடு காலி செய்கிறவர்கள். தடுப்பதைவிட வழி காட்டுவது சுலபம்: பழைய மெத்தை, மரச்சாமான், துணி ஆகியவற்றைச் சொல்லிவைத்தால் சனிக்கிழமைகளில் வீட்டிலேயே வந்து எடுத்துக்கொள்ளும் ஏற்பாட்டை மாநகராட்சி 2025-ல் தொடங்கியது. 1913-லோ செயலியிலோ பதிவு செய்யலாம். லிஃப்ட் பக்கத்தில் ஒரு தாளில் இதை ஒட்டிவைத்தோம். மெத்தை நின்றது. சோபா மட்டும் ஒன்று வந்தது. அதில் எங்கள் வாட்ச்மேன் இப்போது உட்கார்ந்திருக்கிறார்.

## அறிகுறி 5: நாய்க் கூட்டம், காக்கை, தாங்க முடியாத நாற்றம்

கோழி இறகும் தோலும் தெரிந்தால் கறிக்கடைக் கழிவு. ஞாயிறு இரவும் திங்கள் விடியலும் பாருங்கள். கடைக்காரரிடம் நேரடியாகக் கேட்கலாம்: கழிவை யார் எடுக்கிறார்கள்? மாதக் காசு வாங்கிக்கொண்டு எடுத்துப்போகும் ஆள் ஒருவர் இருப்பார், அவர்தான் ஏரிக்கரையில் கவிழ்க்கிறார். கடைக்காரருக்குத் தன் உரிமம் பற்றிய கவலை உண்டு, ஆகவே பேச்சு பெரும்பாலும் பலிக்கும். பலிக்கவில்லை என்றால் வார்டின் சுகாதார ஆய்வாளரிடம் போங்கள்.

இறகு இல்லை, நாற்றம் மட்டும் என்றால் செத்த எலியோ நாயோ இருக்கலாம். அதையும் 1913-ல் சொல்லலாம். நீங்கள் புதைக்க வேண்டாம்.

இளநீர் மட்டையும் டயரும் கிடந்தால் நாற்றம் இருக்காது, ஆனால் முதலில் அகற்ற வேண்டியது அதுதான். மழைத்தண்ணீர் நின்று ஒரு வாரம் பத்து நாளில் டெங்குக் கொசு பறக்கும். வண்டி வரும்வரை மட்டையைக் கவிழ்த்தாவது வையுங்கள்.

## அறிகுறி 6: சாயங்காலம் புகை

குற்றவாளி பெரும்பாலும் பூங்காவைப் பெருக்குகிறவரே. திட்டாதீர்கள். கூட்டிய சருகை எங்கே போடுவது என்று யாரும் அவருக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள். குப்பை வண்டி "இலை எடுக்க மாட்டோம்" என்றிருக்கும். பூங்காவின் ஒரு மூலையில் கம்பி வலையால் நான்கடிக்கு நான்கடி ஒரு கூண்டு கட்டிக் கொடுங்கள். சருகு அதில் போகட்டும். உரத்தொட்டிக்குக் காய்ந்த இலை வேண்டும் என்றோமே, அது இங்கிருந்துதான். எங்கள் தெருவில் இப்போது சருகுக்குத் தட்டுப்பாடு. ஒரு மாமி கோணிப்பையோடு வந்து முன்பதிவு செய்துவிட்டுப் போகிறார்.

ரப்பர், வயர் எரிகிற கருப்புப் புகை என்றால் அது வேறு. யாரோ செம்புக்காக வயரை எரிக்கிறார்கள். பக்கத்தில் போகாமல் புகார் செய்யுங்கள். தீ பரவும் போலிருந்தால் 101.

## அறிகுறி 7: ஊசி, குளுக்கோஸ் பாட்டில், ரத்தம் படிந்த பஞ்சு

தொடாதீர்கள். பெருக்கவும் விடாதீர்கள். இதற்கு எளிய காரணம், விலையுள்ள காரணம் என்ற வரிசையே இல்லை. வீட்டில் இன்சுலின் போடுகிறவர் ஒன்றிரண்டு ஊசியைக் கவரில் போட்டிருக்கலாம். அப்படித் தெரிந்தால் தடித்த பிளாஸ்டிக் பாட்டிலில் போட்டு மூடித் தனியாகக் கொடுக்கச் சொல்லுங்கள். மூட்டையாகக் கிடந்தால் மருத்துவமனையோ லேபோ. படம் எடுத்து 1913, காவல் நிலையம், மாசு கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்ட அலுவலகம் மூன்றுக்கும் சொல்லுங்கள். 2024 டிசம்பரில் கேரளத்திலிருந்து வந்து திருநெல்வேலி மாவட்டக் கிராமங்களில் கொட்டப்பட்ட மருத்துவக் கழிவைத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் உத்தரவுக்குப் பிறகு லாரிகளில் ஏற்றித் திருப்பி எடுத்துப் போனார்கள். அங்கே மூட்டைக்குள் கிடைத்த மருத்துவமனைச் சீட்டுகள்தான் துப்புக் கொடுத்தன. ஆகவே மூட்டையைக் கலைக்காமல் அப்படியே விடுவது முக்கியம்.

செப்டிக் டேங்க் லாரி ஏரியில் கவிழ்த்தாலும் இதே வழிதான். வண்டி எண், நேரம், புகார்.

## அறிகுறி 8: சுத்தம் செய்தோம், பத்து நாளில் பழையபடி

மேலே சொன்ன எதையும் கண்டுபிடிக்காமல் நேராகச் சுத்தம் செய்திருப்பீர்கள். ஞாயிற்றுக்கிழமை ஐம்பது பேர் கூடி, டீ-ஷர்ட் போட்டு, போட்டோ எடுத்து. எங்களிடமும் அந்த டீ-ஷர்ட் இருக்கிறது. வண்டி நேரம் மாறாதவரை திங்கள் காலை எட்டரைக்குக் கவர் வரும்.

நேரம் சரியாகியும் விழுகிறதா? விளக்கைப் பாருங்கள். எரியாத தெருவிளக்குக்குக் கீழேதான் மீதிக் குப்பை விழும். கம்பத்தில் எண் இருக்கும், அதைச் சொல்லிப் புகார் செய்தால் போதும். அடுத்தது கண்மறைப்பு: புதர், நிறுத்திப்போட்ட பழைய கார், தட்டி. வெட்டுங்கள், அகற்றச் சொல்லுங்கள். கேமரா கடைசி. மாட்டுகிறவர்கள் அதிகம், பார்க்கிறவர்கள் குறைவு.

சாமி படம் ஒட்டிய டைல்ஸும் போட்டுப் பார்த்தோம். சுவரில் சிறுநீர் கழிப்பது நின்றது. குப்பை இரண்டடி தள்ளி விழுந்தது. மூன்றாவது வாரம் அதே சுவரடியில் கண்ணாடி உடைந்த பழைய சாமி படங்கள், காய்ந்த மாலை, பூஜையில் வைத்த எலுமிச்சம்பழம். வீட்டில் வைத்துக்கொள்ளவும் முடியாமல் குப்பையில் போடவும் மனமில்லாமல் வைத்திருந்தவர்களுக்கெல்லாம் நாங்கள் ஒரு இடம் அமைத்துக் கொடுத்திருந்தோம். அந்தப் படங்களை யார் எடுப்பது என்று சங்கத்தில் ஒரு மாலை முழுக்கப் பேச்சு.

புகாருக்கு "எங்கள் எல்லை இல்லை" என்று பதில் வந்தால் இடம் யாருடையது என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். பூங்காவும் ஓ.எஸ்.ஆர். நிலமும் மாநகராட்சி, ஏரியும் அதன் கரையும் பெரும்பாலும் நீர்வளத் துறை, சதுப்பு நிலத்தின் காப்புக்காடு வனத் துறை, தண்டவாள ஓரம் ரயில்வே. புல எண்ணை அரசின் நில ஆவணத் தளமான தமிழ்நிலத்தில் பார்க்கலாம். சரியான மேஜைக்குப் போகிற ஒரு தாள், தவறான மேஜைக்குப் போன பத்துத் தாளைவிட வேகமாக நகரும்.

## அறிகுறி 9: பண்டிகைக்கு மறுநாள் மட்டும்

இது பழுது இல்லை, நாட்காட்டி. ஆயுத பூஜைக்கு உடைத்த பூசணியும் வாழைக்கன்றும், பொங்கலுக்குக் கரும்புச் சோகையும் மஞ்சள் தழையும், தீபாவளிக்குப் பட்டாசுக் காகிதமும் வரும். பண்டிகைக்கு இரண்டு நாள் முன்னதாகவே மேற்பார்வையாளரிடம் கூடுதல் நடை ஒன்று கேட்டுவையுங்கள். பட்டாசுக் குப்பை மட்டும் தனிச் சாக்கில். வெடிக்காதது கலந்திருக்கும், வண்டியில் மற்றதோடு சேரக் கூடாது. போகிக்கு டயர், பழந்துணி, பாய் எல்லாவற்றையும் முந்தின வாரமே வாங்கிக்கொள்ளும் ஏற்பாட்டை மாநகராட்சி செய்கிறது, தேதியை அறிவிப்பார்கள். பூசணிக்கு எங்கள் வழி: உடைத்தவரே அன்று மாலைக்குள் துண்டுகளை எடுத்துவர வேண்டும், பூங்காக் கூண்டில் சருகோடு போகும். குங்குமத்தையும் உள்ளே வைத்த காசையும் எடுத்துவிட்டுக் கொண்டுவரச் சொல்லுங்கள்.